கரண்ட் போன பிறகு மிஞ்சிய பாட்டுகள்

2022 மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே ஒரு வரிசை, கேஸுக்கு இன்னொரு வரிசை. இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் எங்கள் வீட்டில் மெழுகுதிரியைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினோம். சாப்பிட ஒரு துண்டு, பிள்ளை படிக்க ஒரு துண்டு, அதோடு சரி. இரவு எட்டு மணிக்கெல்லாம் வீடு இருட்டிப்போகும். வெளியே பனி இறங்கிவிட்டால் எதிர்மலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வெளிச்சமும் தெரியாது.

அப்படியொரு இரவில் அண்ணன் மகள், "அத்தை, சும்மாதானே இருக்கீங்க, கிட்டார எடுங்களேன்" என்றாள். எடுத்தேன். எடுத்த கை வழக்கம்போலக் கைபேசியைத் தேடியது. பல வருடங்களாக அதுதான் பழக்கம். பாட்டின் பெயரை அடித்தால் வரிகளும், கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடிகளான கோர்டுகளும் வந்து நிற்கும், பார்த்துக்கொண்டே வாசிப்பேன். அன்றைக்குப் பேட்டரியில் 3 சதவீதம்தான் இருந்தது. அவசரத்துக்கு வேண்டும் என்று அண்ணி கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்.

சரி, பார்க்காமலே வாசிப்போம் என்று தொடங்கினேன். முதல் பாட்டு பல்லவியோடு நின்றது. அடுத்ததில் சரணம் வரை போனேன். அங்கே எந்தக் கோர்டு என்று விரலுக்குத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது, எத்தனையோ நாள் தனியாக உட்கார்ந்து வாசித்தது. அதுவும் பாதியில் அறுந்தது. பதினைந்து வயதில் கிட்டார் பிடித்தவள் நான். இரண்டு கொப்பி நிறையப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை என்னிடம் இருந்தவை ஆறு. ஏழாவது பாதி.

அந்த ஆறரைப் பாட்டும் எப்படி என்னிடம் தங்கின என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் அதிகம் வாசித்த பாட்டுகள் அல்ல அவை. மிகவும் ரசித்த பாட்டுகள் என்றும் சொல்ல முடியாது. அநேகமாக எல்லாமே நான் வாசிக்க, வேறு யாராவது பக்கத்தில் இருந்து பாடியவை.

முதல் பாட்டு, 'ஒப்பில்லாத் திரு இரா'. நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் தோட்டத்தில் கிட்டார் இருந்த ஒரே இடம் தேவாலயம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்பு கேரல் பாட ஆள் சேர்ப்பார்கள், கோயில் வித்தியாசம் பார்க்காமல் பிள்ளைகள் எல்லோரும் போவோம். பாடகர் குழுவில் ஒரு அண்ணன் கிட்டார் வாசிப்பார். ஆறாம் கம்பி அறுந்துபோய் ஐந்து கம்பிதான் இருந்தது, அதை வைத்தே எல்லாப் பாட்டும் வாசிப்பார். நான் பாடுவதை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் கிட்டாரை என் மடியில் வைத்து, "மூணே மூணு கோர்டு. ஜி, சி, டி. இத வச்சி ஆறு மாசம் பொழப்ப ஓட்டலாம்" என்றார்.

அந்தப் பாட்டு கிட்டாருக்காகவே பிறந்தது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில், 1818 நத்தார் முந்தின இரவு, ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் தான் எழுதிய கவிதைக்கு ஃபிரான்ஸ் சேவர் குரூபர் போட்ட மெட்டை, கிட்டார் வாசித்தபடி அவரோடு சேர்ந்து பாடினார். இரண்டு குரல், ஒரு கிட்டார், குளிர்காலத்துச் சின்னத் தேவாலயம். எங்கள் தோட்டத்தில் டிசம்பர் மாதம் கம்பளிச் சட்டைக்கு மேல் துவாய் சுற்றிக்கொண்டு பாடிய எங்களுக்கு அந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்த அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயத்தை இன்றுவரை யாருக்குக் கிட்டார் சொல்லித்தந்தாலும் சொல்கிறேன். 'ஒப்பில்லாத் திரு இரா' ஆறு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி. "இப்ப இதையே வெரசா அடி" என்றார். அடித்தேன். "இன்னும் வெரசா. அடிச்ச ஒடன கம்பிய உள்ளங்கையால அமத்து." அமத்தினேன். திடீரென்று அது பைலாவாகிவிட்டது! கேரல் பழக வந்த பிள்ளைகள் எல்லாம் எழும்பி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பைலாவும் அதே ஆறுதான். போர்த்துக்கேயர் காலத்தில் இந்தக் கரைக்கு வந்து, இங்கே குடியேறிய ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தாளத்தோடு கலந்து வளர்ந்தது அது. தூங்க வைக்கிற பாட்டுக்கும் ஆட வைக்கிற பாட்டுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதை அன்றைக்கு என் வலது கை கற்றுக்கொண்டது.

எனக்கென்று கிட்டார் வந்தது அதற்கு அடுத்த தீபாவளிக்கு. அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பண்டிகைக்கு வரும்போது எல்லோரும் உடுப்பு கொண்டுவருவார்கள், அவன் புறக்கோட்டையில் வாங்கிய கிட்டாரை உரப்பையில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். அம்மா தன் தீபாவளி அட்வான்ஸில் எனக்குச் சட்டை எடுத்திருந்தார். இரண்டும் ஒரே நாளில் கிடைத்த வருடம் அது.

சொந்தக் கிட்டாரில் நான் முதலில் பழகியது 'சின்ன மாமியே'. யாழ்ப்பாணத்துப் பேச்சு வாடை வீசும் பாட்டு எங்கள் லயத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டால், ரேடியோவில்தான். நித்தி கனகரத்தினம் பாடிய அந்தப் பாட்டும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று அவர் பாடிய பாட்டும் இலங்கை வானொலி வழியாக மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தவை. எங்கள் அப்பா தலைமுறைக்கு அவை மனப்பாடம். பொப்பிசை என்று அந்தக் காலத்தில் பெயர். சினிமா இல்லை, பெரிய வாத்தியக் குழு தேவையில்லை. ஒரு கிட்டார், ஒரு குரல், கேட்பவர் கைத்தட்டு. பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது என்பது என் முடிவு. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மெட்டு எல்லோருக்கும் தெரியும். ஒரு கோர்டு தவறிப்போனாலும் பாடுகிறவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் கிட்டார் குழுக்கள் தலையெடுத்தன. மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர். அவர் பிறந்தது 1943இல், நம் மலையகத்து ஹப்புத்தளையில். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தக் குழுவைப் பிரபலமாக்கிய பாட்டுகளில் ஒன்று 'மெங்கோ கலு நெந்தே'. நெந்தே என்றாலும் மாமிதான். இரண்டு மொழியிலும் இந்தப் புதுப் பாட்டு, வாசலில் நின்று ஒரு மாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறது என்பதை நினைத்து நினைத்து ரசித்திருக்கிறேன்.

அடுத்தது 'சுராங்கனி'. இதை நான் வீட்டில் பழகவில்லை, ரயிலில் பழகினேன்.

கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வந்தவர்களுக்குத் தெரியும், நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் யாராவது பாட ஆரம்பித்துவிடுவார்கள். றபானா மேளம் இல்லையென்றால் பெட்டியின் பலகையில் தட்டுவார்கள். அன்றைக்கு எங்கள் பெட்டியில் சிங்களப் பையன்கள் ஏழெட்டுப் பேர், ஒருவனிடம் கிட்டார். 'சுராங்கனி'யைத் தொடங்கினான். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்கிற அந்தச் சிங்களப் பல்லவியை அவர்கள் பாட, ஏ. ஈ. மனோகரன் தமிழில் பாடிப் பரப்பிய அடிகளை எங்கள் பக்கம் இருந்தவர்கள் எடுத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, கொய்யாப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினார். அவர்களுக்கு எங்கள் அடி தெரியாது, எங்களில் பாதிப் பேருக்கு அவர்கள் மொழி சரியாக வராது. பல்லவி வந்ததும் எல்லோரும் ஒன்று.

அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பெட்டியில் விளக்கு எரியவில்லை. கன்னங்கரேலென்று இருட்டு, பிள்ளைகள் "ஊ" என்று கத்துகிறார்கள், டீசல் புகை உள்ளே வருகிறது. நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அந்தக் கிட்டாரை மட்டும் கேட்டேன். ஒரு கோர்டு பிசகவில்லை. வெளிச்சத்தில் எப்படி வாசித்தானோ அப்படியே உள்ளேயும் வாசித்தான். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது பார்த்தேன், அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அடுத்தது கொட்டகலை, நான் இறங்க வேண்டும். இறங்குவதற்குள் அவனிடம் கிட்டாரை வாங்கி ஒரு சுற்று வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன். மூன்று கோர்டுக்குள் முடிகிற பாட்டு. அன்று பழகியது இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிலிருந்து நானும் கண்ணை மூடிப் பழக ஆரம்பித்தேன். கிட்டார் கழுத்தின் மேல் விளிம்பில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் கட்டைகளுக்குச் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். கண் அந்தப் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டால் கை கண்ணை எதிர்பார்த்தே இருக்கும். கண்ணை மூடினால் முதலில் ஒரு கட்டை முன்னே பின்னே விழும், அபசுரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் கட்டை விரல் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவியே இடம் கண்டுபிடித்துவிடும். இன்னொன்றும் செய்வேன். பாட்டைத் தொடக்கத்திலிருந்து மட்டும் வாசித்துப் பழகினால், நடுவில் தடுக்கி விழும்போது திரும்பவும் முதலிலிருந்துதான் எழும்பி வர வேண்டியிருக்கும். அதனால் இரண்டாவது சரணத்திலிருந்து தொடங்கிப் பழகுவேன். அப்புறம் முதல் சரணம். பல்லவி கடைசியில். பல்லவியைப் பழகத் தேவையே இல்லை, அது தானாக வரும்.

சினிமாப் பாட்டில் எனக்கு இருட்டிலும் முழுதாக வருவது 'என் இனிய பொன் நிலாவே'. 1980இல் வந்த 'மூடுபனி'. இளையராஜாவின் நூறாவது படம். கங்கை அமரன் எழுதி, ஜேசுதாஸ் பாடியது. படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடுவார். எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். மூடுபனி என்ற சொல்லுக்கு எங்களுக்கு அகராதி வேண்டாம், கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும்.

இந்தப் பாட்டு மைனரில், அதாவது சோகச் சாயல் சுரவரிசையில், நடப்பது. நான் ஏ மைனரில் வைத்துக்கொண்டு, பாடுபவர் குரலுக்கு ஏற்றபடி கம்பிகளை ஒருசேர அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வியான கேப்போவை நகர்த்திக்கொள்வேன். கேப்போ வாங்கக் காசில்லாத நாட்களில் பென்சிலைக் கம்பிக்கு மேல் வைத்து ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுவேன், அதுவும் வேலை செய்யும். இந்தப் பாட்டில் எனக்கு நெடுநாள் இடைஞ்சல் எஃப் கோர்டு. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்த வேண்டும். ஜனவரி மாதத்துக் குளிரில், நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற காலையில், அந்த விரல் மரத்துப்போயிருக்கும். இரும்புக் கம்பி பனிக்கட்டி மாதிரி இருக்கும். அழுத்தினால் சத்தம் வராது, வலி மட்டும் வரும். பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு பிடிப்பேன். அப்படிப் பிடித்துப் பிடித்து ஒருநாள், என்றைக்கென்று தெரியாது, எஃப் சுத்தமாக ஒலித்தது. எங்கள் அண்ணிக்கு இந்தப் பாட்டு என்றால் உயிர். அடுப்படியில் இருந்துகொண்டே ஜேசுதாஸ் இழுக்கிற இடமெல்லாம் இழுத்துப் பாடுவார். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் நானும் கையை நிறுத்துவேன். எனக்கு இந்தப் பாட்டின் அளவு அண்ணியின் மூச்சுதான்.

அந்தப் பாதிப் பாட்டு 'இளைய நிலா'. 1982, 'பயணங்கள் முடிவதில்லை'. கிட்டார் பிடித்த தமிழ்ப் பிள்ளை யாராக இருந்தாலும் இந்த வாசலுக்கு ஒருநாள் வந்து நிற்கும். வைரமுத்துவின் வரி, எஸ்.பி.பி.யின் குரல் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டைத் திறந்து வைப்பது கிட்டார். வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அவர் பெயர் எங்கள் காலத்து கசெட் உறைகளில் இருந்ததில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனை ஆயிரம் பேர் அந்த விரல்களைக் கேட்டுக் கிட்டார் வாங்கியிருப்பார்கள்! அந்தப் பெயரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தொடக்க வாசிப்பை ஒரு வருடம் பழகினேன். ஸ்ட்ரம் செய்து தப்பிக்க முடியாத பாட்டு அது, ஒவ்வொரு கம்பியாகத் தொட வேண்டும். பல்லவி வரும், சரணத்துக்குத் துணை வாசிப்பேன். நடுவில் வருகிற அந்த இசைத் துண்டுகள் எனக்கு முழுதாக வந்ததே இல்லை. அங்கே வந்ததும் கோர்டை மட்டும் பிடித்துக்கொண்டு, துண்டை வாயால் பாடிவிடுவேன். கேட்பவர்களும் சேர்ந்து வாயால் பாடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த துண்டு அல்லவா.

இங்கே நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். மலையில் மரக் கிட்டார் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஈரம்தான் எதிரி. மழை மாதங்களில் முன்பலகை ஈரத்தைக் குடித்து மெல்ல உப்பும். உப்பினால் கம்பி மேலே எழும்பி, அழுத்த அழுத்த விரல் நோகும். கம்பி ஒரு மாதத்தில் துருப் பிடிக்கும். என் முதல் கிட்டாரை ஈரத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். விறகடுப்பின் சூடு. இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் ஒருநாள் காலை, பசை விட்டு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து தொங்கியது. அண்ணன் உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த கிட்டார் அது. அட்டனில் தச்சு வேலை செய்யும் ஒருவர் பலகை ஒட்டி, திருகாணி போட்டுக் கொடுத்தார். சத்தம் முன்போல் இல்லை. இப்போது வைத்திருப்பது வேறு. மழைக்காலத்தில் உறைக்குள், துணியில் கட்டிய அரிசி ஒரு பிடியோடு, படுக்கையறையில் இருக்கிறது. வாசித்து முடித்ததும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் உள்ளே வைப்பேன். பழையதை இன்னும் எறியவில்லை.

அண்ணன் மகளுக்காகப் பழகியது 'நெஞ்சுக்குள் பெய்திடும் மாமழை'. 2008, 'வாரணம் ஆயிரம்', ஹாரிஸ் ஜெயராஜ், தாமரையின் வரிகள். அதிலும் ரயில், அதிலும் கிட்டார். அவளும் அவள் சிநேகிதிகளும் பாடசாலை விட்டு வந்து சாணிக்குழிப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து இதை எத்தனை முறை பாட வைத்திருப்பார்கள் என்று கணக்கில்லை. சொல்ல வேறு ஒன்றுமில்லை. பிள்ளைகள் பாடிப் பாடியே என் கையில் ஏற்றிய பாட்டு.

கடைசிப் பாட்டு எந்தக் கொப்பியிலும் இல்லை. 'கோண கோண மலையேறி' என்று தொடங்கும் எங்கள் நாட்டார் பாட்டு. கோப்பிப் பழம் பறிக்கையில் ஒரு பழம் தவறிப்போனதற்காகச் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரை உதைத்ததைச் சொல்கிறது. எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, பாடுவார். அம்மாயி பிறந்து வளர்ந்து வேலை செய்து ஓய்ந்தது எல்லாம் தேயிலைக்குள். கோப்பித் தோட்டத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்கியது, அதற்கு இரண்டு வருடம் முன்புதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போய்விட்டது, உதை வாங்கியவர்கள் போய்விட்டார்கள், துரைமார் போய்விட்டார்கள். பாட்டு மட்டும் வாய்க்கு வாய் இறங்கி அம்மாயியிடம் வந்து, அம்மாவிடம் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட பாட்டுகளைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளைக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். அவர் மட்டும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை போயிருக்கும்.

இந்தப் பாட்டைக் கிட்டாரில் கொண்டுவரப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜி, சி, டி. அம்மா பாட, நான் கோர்டு மாற்றுவேன். இரண்டு அடி போனதும் அம்மா நிறுத்திவிடுவார். "என்னா புள்ள, நீ ஒரு பக்கம் இழுக்கிற, பாட்டு ஒரு பக்கம் போகுது." திரும்பத் தொடங்குவோம், திரும்ப நிறுத்துவார். மைனரில் வைத்துப் பார்த்தேன். அழுகைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மேஜரில் வைத்தால் பண்டிகைப் பாட்டு மாதிரி. கோபமும் ஏளனமும் கலந்த பாட்டு அது. எந்தக் கோர்டும் அதன் முகத்துக்குப் பொருந்தவில்லை. வருடக்கணக்காக அப்படியே விட்டுவிட்டேன்.

ஒருநாள் கம்பி மாற்றும்போது ஆறாம் கம்பியைச் சரியாக ஏற்றாமல் டி சுரத்திலேயே விட்டுவிட்டேன். அப்படியே கட்டை விரலால் தடித்த கம்பிகள் மூன்றையும் திறந்தபடி தட்டினேன். டி, ஏ, டி. தம்புரா மாதிரி ரீங்காரம். இந்த மூன்று கம்பியில் மேஜரா மைனரா என்று சொல்கிற சுரம் கிடையாது. அந்த முடிவைக் கிட்டார் எடுப்பதில்லை, பாடுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னேன். இடது கையை எடுத்துவிட்டேன். வலது கைக் கட்டை விரல் மட்டும், காமன் கூத்தில் தப்பு மேளம் விழுகிற மாதிரி ஒரே சீராக. அம்மா முதல் அடி பாடினார், இரண்டாவது, மூன்றாவது, நிறுத்தவே இல்லை. குரல் எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது, அவரை இழுக்காமல் இருப்பது மட்டுமே. இத்தனை வருடம் அந்தப் பாட்டுக்குக் கோர்டு தேடியதே தேவையில்லாத வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த மின்வெட்டு இரவில் கடைசியாக இதைத்தான் வாசித்தேன். மெழுகுதிரியையும் அணைத்துவிட்டிருந்தோம். அம்மா பாயில் சாய்ந்துகொண்டே பாடினார். அண்ணன் மகள் முதல் முறையாக முழுதாகக் கேட்கிறாள். இடையில், "சின்னத்தொர எதுக்கு அத்தை ஒரு பழத்துக்கு ஒதைச்சாரு?" என்று கேட்டாள். அம்மா பாட்டை விடாமல் கையை மட்டும் உயர்த்தி, பொறு என்றார். இருட்டிலும் அந்தக் கை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு இடத்தில் அம்மாவே நின்றுவிட்டார். என் கட்டை விரல் போய்க்கொண்டே இருக்கிறது. "இன்னும் ரெண்டு அடி இருக்கு. அம்மாயி பாடும். வாயில வர மாட்டேங்குது" என்றார். அம்மாயி இறந்து அப்போது ஒன்பது வருடம்.

மறுநாள் கரண்ட் வந்த நேரத்தில் கைபேசியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே, பூண்டுலோயாவில் இருக்கும் சின்னம்மாயிக்கு எடுத்தோம். அம்மாயியின் கடைசித் தங்கச்சி. சி.வி. பிறந்த மடக்கொம்பரைத் தோட்டமும் அந்தப் பக்கம்தான். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கா இம்புட்டுத் தூரத்துல இருந்து எடுத்தீங்க" என்று சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகப் பாடுவார். அவர் பாடிய இரண்டு அடியில் கோப்பி இல்லை, கொழுந்துக் கூடை வந்தது. அம்மா, "இது இல்லையே, அம்மா வேற மாதிரியில்ல பாடும்" என்றார். சின்னம்மாயி விட்டுக்கொடுக்கவில்லை. "ஒங்கம்மா பாடுனதும் பாட்டுத்தான், நான் பாடுறதும் பாட்டுத்தான். எழுதிக்க."

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அண்ணன் மகள் அதைப் பார்க்காமலே பாடிவிடுகிறாள். அம்மா இன்னும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, அம்மாயியின் அடி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தங்கச்சியின் அடிக்குப் போகிறார். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் நான் கட்டை விரலைக் கொஞ்சம் மெதுவாகத் தட்டுகிறேன்.